இரண்டாம் பாகத்துக்கு எதற்குத் தங்கப்பட்டை?

அனிமேஷன் படங்களுக்கு அட்டை, போஸ்டர், டிரெய்லர் தயாரித்து நம் ஊர்களில் விற்கும் நிறுவனங்களின் விளம்பரப் பிரிவினருக்கு,

வணக்கம்.

குமுளியிலிருந்து எழுதுகிறேன். தேக்கடிக்கு வந்திருந்தால் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். கடைத்தெரு முடிகிற இடத்தில் செக்போஸ்ட். அதற்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளம். விடிந்ததும் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறி வரும், பொழுது சாய இறங்கும். இந்த ஊரில் கேசட் காலத்தில் வீடியோ லைப்ரரி ஆரம்பித்து, டிவிடி காலம் முடிகிற வரை நடத்தினேன். இப்போது அதே கடையில் ஜெராக்ஸ் மெஷினும் மொபைல் கவரும் இருக்கின்றன. சினிமாவைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி கிடையாது. எந்தப் படம் யார் வீட்டுக்குப் போனது, எப்போது திரும்பி வந்தது என்று நோட்டில் எழுதி வைத்தவன், அவ்வளவுதான்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அனிமேஷன் படத்தின் இரண்டாம் பாகமோ மூன்றாம் பாகமோ வெளியாகிற அன்றைக்கே அதன் மேல் ‘கிளாசிக்’ என்று போட்டு விற்பதை நிறுத்துங்கள். இரண்டாம் பாகமே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாக எடுங்கள், நாலு காசு பாருங்கள். நன்றாக இருந்தால் நாங்களே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவோம். அந்தப் பட்டத்தை மட்டும் உங்களுக்கு நீங்களே சூட்டிக்கொள்ள வேண்டாம்.

கடையில் குழந்தைகள் படங்களைக் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்தேன், அவர்கள் கைக்கு எட்டுகிற மாதிரி. படத்தைப் பொறுக்குவது பிள்ளை, காசு கொடுப்பது அப்பா அம்மா. இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பது அட்டையைத்தான். இது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். பிள்ளைக்கென்று முன்பக்கத்தில் சிங்கமோ மீனோ இளவரசியோ இருக்கும். பெற்றோருக்கென்று மேல் ஓரத்தில் ஒரு தங்கப்பட்டை, அதில் ‘கிளாசிக்’ என்ற எழுத்து. பட்டை இருந்தால் நல்ல படம், நம்பிப் பிள்ளை கையில் கொடுக்கலாம் என்று எங்கள் ஊரே பழகியிருந்தது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மாக்களுக்குக்கூட அந்தப் பட்டையின் நிறம் தெரியும்.

பிறகு இரண்டாம் பாகங்களின் மேலும் அந்தப் பட்டை ஏறிக்கொண்டது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. முதல் படத்தின் அதே எழுத்து, அதே நிறம், அதே முகம். ‘2’ என்ற எண் மட்டும் இளவரசியின் பாவாடை மடிப்புக்குள் பதுங்கியிருக்கும். வண்டிப்பெரியாரிலிருந்து வருகிற ஒருவர் மகளின் பிறந்தநாளுக்கு என்று அப்படி ஒன்றை விலைக்கே வாங்கிப் போனார். மறுநாள் வந்து மேஜையில் வைத்து, “இது மற்றே சினிம அல்லல்லோ சேட்டா” (இது அந்தப் படம் இல்லையே அண்ணா) என்றார். கோபப்படவில்லை, ஏமாந்த முகமாக நின்றார். குரல் வேறு, வரைந்த கையும் வேறு என்று அவருடைய மகள் போட்ட கொஞ்ச நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாளாம். நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மொத்த வியாபாரி எனக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

விமர்சகர்கள் எதை வைத்து ஒரு படத்தைக் கிளாசிக் என்கிறார்களோ தெரியாது, லைப்ரரிக்காரனுக்கு வேறு வழி இருக்கிறது. கேசட்டை டெக்கில் போட்டு ஓட்டிப் பார்ப்பேன். குழந்தைகள் விரும்பிய படத்தில் குறிப்பிட்ட ஒரு பாட்டு வருகிற இடத்தில் மட்டும் கோடு விழும், படம் ஆடும். அந்த இடத்தையே ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்துத் தேய்த்திருப்பார்கள். அப்புறம் மழைக்காலம். எங்கள் ஊர் ஈரத்தில் கேசட் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அலமாரிக்குள் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டுக் காப்பாற்றுவோம். அப்படியும் பிடிக்கும். ஆனால் வீடு வீடாகப் போய்வரும் கேசட்டில் பூஞ்சை அவ்வளவாக ஏறாது, யாரும் தொடாமல் நிற்கிற கேசட்டில்தான் ஏறும். ஆனி ஆடி முடிந்து அலமாரியைத் திறந்தால் தங்கப்பட்டை போட்ட இரண்டாம் பாகங்கள்தான் வெள்ளை பூத்து நிற்கும். முதல் பாகங்களைத் தேய்ந்துபோனதென்று மறுபடி மறுபடி புதிதாக வாங்கினேன். இரண்டாம் பாகம் ஒன்றைக்கூடத் தேய்ந்துபோனதென்று நான் மாற்றியதில்லை.

இது ஒரு மலையூர்க் கடைக்காரனின் கணக்கு, இதை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது என்பீர்கள். சரி, ஊரறிந்த கணக்குக்கே வருவோம்.

டிஸ்னியின் ‘அலாவுதீன்’ 1992இல் தியேட்டருக்கு வந்தது. அதன் இரண்டாம் பாகம் 1994இல் தியேட்டர் பக்கமே போகாமல் நேராகக் கேசட்டாக வந்தது. முதல் படத்தை எடுத்த ஸ்டூடியோ அதை எடுக்கவில்லை. தொலைக்காட்சித் தொடர்களை எடுக்கும் பிரிவு எடுத்தது. முதல் படத்தில் பூதத்துக்கு உயிர் கொடுத்த ராபின் வில்லியம்ஸ் அதில் இல்லை. தன் குரலைப் பொருள் விற்பனைக்குப் பயன்படுத்தினார்கள் என்று நிறுவனத்தோடு அவருக்கு மனக்கசப்பு. 1996இல் வந்த மூன்றாம் பாகத்துக்குத்தான் திரும்பினார். இத்தனைக்கும் அந்த இரண்டாம் பாகம் அமோகமாக விற்றது. செலவு குறைவு, வரவு அதிகம் என்று தெரிந்த பிறகு எந்த வியாபாரி சும்மா இருப்பான்? அடுத்த பதினான்கு வருடம் வரிசையாக வந்து இறங்கின. 1955இல் வந்த ‘லேடி அண்ட் த டிராம்ப்’புக்கு 2001இல் இரண்டாம் பாகம். 1950இன் ‘சிண்டரெல்லா’வுக்கு 2002இல் ஒன்று, 2007இல் இன்னொன்று. 1942இல் வந்த ‘பாம்பி’க்கு 2006இல், அதாவது 64 ஆண்டு கழித்து. ‘பாம்பி’யை வரைந்தவர்களின் பிள்ளைகளே அதற்குள் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற வயதை நெருங்கியிருப்பார்கள் போல.

இவற்றில் சில படமாகவே பிறக்கவில்லை. ‘சிண்டரெல்லா’ இரண்டாம் பாகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூன்று குட்டிக் கதைகளை ஒட்டித் தைத்தது அது. ‘அட்லாண்டிஸ்’ 2001இல் வந்தது. அதை வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுக்கத் தொடங்கி, பாதியில் கைவிட்டு, எடுத்த மட்டும் சேர்த்து 2003இல் ‘மிலோஸ் ரிட்டர்ன்’ என்று விற்றார்கள். மிச்சத்தை வீணாக்காமல் விற்பது தப்பில்லை. மிச்சம் என்று தெரியாத மாதிரி, பழைய படத்தின் மரியாதையைப் போர்த்தி விற்பதுதான் தப்பு.

டிஸ்னியை மட்டும் சொல்வது நியாயமில்லை. டான் புளூத் 1988இல் இயக்கிய ‘த லேண்ட் பிஃபோர் டைம்’ டைனோசர் குட்டிகளின் கதை, தாயை இழந்த ஒரு குட்டியின் கதை. யுனிவர்சல் அதற்கு 13 தொடர்ச்சிகள் விட்டது. கடைசி ஒன்று 2016இல் வந்தது. புளூத்துக்கு அவற்றில் எதிலும் பங்கில்லை. முதல் படத்தின் துக்கம் எல்லாம் போய், ஆடிப்பாடும் டைனோசர்கள் மட்டும் மிஞ்சின.

வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்குள் உங்களுக்கே வித்தியாசம் தெரிந்திருக்கிறது. 1937இன் ‘ஸ்னோ ஒயிட்’டிலிருந்து எண் போட்டுவரும் டிஸ்னி அனிமேஷன் ஸ்டூடியோவின் அதிகாரப்பூர்வ வரிசையில், கேசட்டுக்கென்றே வேறு பிரிவுகள் எடுத்த இந்த இரண்டாம் பாகங்கள் எதுவும் இல்லை. அந்த வரிசையில் முதன்முதலாக இடம்பிடித்த தொடர்ச்சிக் கதை 1990இன் ‘த ரெஸ்கியூவர்ஸ் டவுன் அண்டர்’. அது 29ஆவது படம். செல்லுலாய்ட் தாளில் கையால் வண்ணம் தீட்டுவதை விட்டுவிட்டு, கணினி அனிமேஷன் நிறுவனமான பிக்ஸாரோடு சேர்ந்து உருவாக்கிய கணினி முறையில் முழுப் படத்துக்கும் வண்ணம் சேர்த்தது அதில்தான் முதல்முறை. அதில் கழுகு பறக்கிற காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் வயிற்றுக்குள் என்னவோ செய்யும். பெருமைப்படக் காரணம் இருந்த அந்த இரண்டாம் பாகத்துக்கு என்ன நடந்தது தெரியுமா? முதல் வார இறுதி வசூல் சரியில்லை என்று தொலைக்காட்சி விளம்பரத்தையே நிறுத்திவிட்டார்கள். தகுதி இருந்த பிள்ளையைக் கைவிட்டுவிட்டு, நாலு வருடம் கழித்துக் கேசட்டுக்குக் கொடி பிடித்தவர்கள் உங்கள் துறைக்காரர்கள்தான்.

ஆனால் கிளாசிக் எப்படி உண்டாகிறது என்பதற்கும் உங்கள் நிறுவனங்களின் வரலாறே சாட்சி. ‘பினோக்கியோ’, ‘ஃபேன்டேசியா’ இரண்டும் 1940இல் வந்தன, ‘பாம்பி’ 1942இல். மூன்றும் முதல் வெளியீட்டில் நட்டம். உலகப் போரால் ஐரோப்பியச் சந்தை மூடிக்கிடந்தது. 1959இன் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யும் போட்ட பணத்தை அப்போது எடுக்கவில்லை. அவை மீண்டது எப்படி? சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி திரையிட்டார்கள். அடுத்த தலைமுறைக் குழந்தைகள் வந்து பார்த்தார்கள், அவர்கள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். 1999இல் வார்னர் நிறுவனம் வெளியிட்ட ‘த அயர்ன் ஜெயன்ட்’ தியேட்டரில் படுத்தே போனது. டிவியிலும் கேசட்டிலும் பார்த்தவர்கள்தான் அதைக் கைதூக்கிவிட்டார்கள். வெளியான அன்றைக்கு இவற்றுக்கெல்லாம் ‘கிளாசிக்’ என்று பட்டை போட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அமெரிக்க அரசின் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் சேரப் படத்துக்குக் குறைந்தது 10 வயது ஆகியிருக்க வேண்டும். 1995இல் வந்த ‘டாய் ஸ்டோரி’ வயது வந்ததும் 2005இல் உள்ளே போனது. 1994இன் ‘த லயன் கிங்’ 2016இல்தான் போனது. அரசாங்க நூலகத்துக்கே 10 வருடம் பொறுமை இருக்கிறது. உங்களுக்கு வெள்ளிக்கிழமைக் காலை வரைகூட இல்லை.

இரண்டாம் பாகம் என்றாலே மட்டம் என்று நினைக்கிறவன் இல்லை நான். ‘டாய் ஸ்டோரி 2’ முதலில் கேசட்டுக்கென்றுதான் ஆரம்பிக்கப்பட்டது. பாதி வேலையில், இது தியேட்டருக்குப் போகும் தரத்தில் இருக்கிறது என்று முடிவை மாற்றினார்கள். நடுவில் யாரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கணினிக் கட்டளையில் படக் கோப்புகள் அழியத் தொடங்க, குழந்தை பிறந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்த தொழில்நுட்ப மேற்பார்வையாளர் ஒருவர் வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அப்படிக் காப்பாற்றியதையும் கடைசியில் திருப்தியில்லை என்று ஏறக்குறைய முழுசாக மாற்றி எழுதி, 1999 நவம்பருக்குள் முடித்தார்கள். கை மணிக்கட்டு வீங்கிப்போகிற அளவுக்கு வேலை பார்த்தார்களாம். அந்த உழைப்பு திரையில் தெரிகிறது. தான் கைவிடப்பட்ட கதையை அந்தக் கௌபாய் பெண் பொம்மை பாட்டாகப் பாடும் இடத்தில், எங்கள் கடை டிவி முன்னால் ரீசார்ஜ் பண்ண வந்த ஆளும் நின்று பார்த்திருக்கிறார். அட்டையில் எதுவும் எழுதாமலே அது எங்களிடம் நின்றது.

2004இல் நேராக டிவிடிக்கு வந்த ‘த லயன் கிங் 1½’ என்று ஒன்று. அதே சிங்கக் கதையை, அதில் வரும் சிரிப்பு ஜோடியான டிமோனும் பும்பாவும் தியேட்டர் இருட்டில் உட்கார்ந்து, ரிமோட்டில் ஓட்டியும் நிறுத்தியும் நமக்குச் சொல்கிற மாதிரி எடுத்திருப்பார்கள். ‘நான் பெரிய படம் இல்லை, பெரிய படத்தின் ஓரத்தில் நின்று கேலி பண்ணுகிறவன்’ என்று பெயரிலேயே அரையைச் சேர்த்து ஒப்புக்கொண்ட படம். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அதைக் கிளாசிக் என்று நான் சொல்ல மாட்டேன், அந்தப் படமும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

தொடர்ச்சி எப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து பாடம் எடுக்க வேண்டியதும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து பெரியாறு காட்டுக்குள் ஏறினால் மங்கலதேவி. கண்ணகி கோட்டம் என்று தமிழர்கள் சொல்லும் கோயில். வருடத்தில் சித்திரைப் பௌர்ணமி ஒரே நாள்தான் உள்ளே விடுவார்கள். தேனி, இடுக்கி என்று இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் பேசி ஏற்பாடு செய்யும். குமுளியிலிருந்து ஜீப்பில் போவோர் ஒரு பக்கம், பளியங்குடி வழியாக நடந்தே ஏறுவோர் ஒரு பக்கம் என்று அன்றைக்கு மலையே ஆளாக இருக்கும். சிலப்பதிகாரம் முடிந்த இடத்திலிருந்து மணிமேகலை தொடங்குகிறது. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளின் கதை. எழுதியவர் இளங்கோ அல்ல, சீத்தலைச் சாத்தனார். முதல் கதையின் சிலம்பையும் மதுரையின் தீயையும் எடுத்து மறுபடி ஒருமுறை ஓட்டிக் காட்டியிருந்தால் கேட்கிறவர்களுக்குச் சுவையாகத்தான் இருந்திருக்கும். சாத்தனார் அதைச் செய்யவில்லை. பசிக்குச் சோறு போடும் அமுதசுரபியைக் கையில் கொடுத்து, அரசகுமாரனின் காதலை மறுக்கவைத்து, அவளைத் துறவுக்கு அழைத்துப் போகிறார். வஞ்சி நகரத்துக் கோட்டத்தில் கண்ணகியின் உருவத்தின் முன்னால் அவள் போய் நிற்கிற இடம் ஒன்று உண்டு. பழைய நாயகிக்கு அந்த அளவு மரியாதை செய்துவிட்டு, தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகிறாள்.

அந்தக் கதைக்கு யார் பட்டம் கொடுத்தது? ஐம்பெருங்காப்பியம் என்ற வரிசை பிற்காலத்தார் வகுத்தது. அச்சில் வருவதற்கே உ.வே.சாமிநாதையர் ஓலைச்சுவடி தேடி அலைய வேண்டியிருந்தது. சிலப்பதிகாரம் 1892இல், மணிமேகலை 1898இல். இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்குப் பக்கத்தில் சமமாக நிற்கலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் சாத்தனார் தன் சுவடியின் மேல் தானே ‘காப்பியங்களில் தலைசிறந்தது’ என்று எழுதிக்கொண்டு சேர நாட்டுக்கு வரவில்லை.

எங்கள் பக்கம் ஏலக்காயை ஏலம் விடும்போது, தோட்டக்காரர் தன் காயைப் பெரிய காய் என்று எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் ஒன்றும் நடக்காது. புற்றடியிலும் போடியிலும் சல்லடைதான் பேசும். 8 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கினால் அது ஒரு விலை, கீழே விழுந்தால் வேறு விலை. வாங்குகிறவர் மாதிரிக் காயைக் கையில் கொட்டி, உடைத்து, மோந்து பார்த்த பிறகுதான் விலை கேட்பார். அவரவர் காய்க்கு அவரவரே தரம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் எங்கள் ஏலக்காயை அடுத்த மாநிலத்துக்காரன்கூட நம்பியிருக்க மாட்டான்.

நம் நாட்டு நிறுவனங்களுக்கும் இதே வேண்டுகோள். 2005இல் ‘ஹனுமான்’ ஓடியது, 2007இல் ‘ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்’ வந்தது. 2025இல் ‘மகாவதார் நரசிம்மா’ தமிழிலும் நன்றாக ஓடியது. எங்கள் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கம்பத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். அந்தக் குழு 2037 வரைக்கும் அடுத்தடுத்த அவதாரப் படங்களுக்குப் பட்டியல் அறிவித்திருக்கிறது. சந்தோஷம். பன்னிரண்டு வருடத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு பட்டத்துக்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருப்பது பெரிய விஷயமா?

இப்போது கேசட்டும் இல்லை, தட்டும் இல்லை. அதனால் இந்தச் சண்டை பழசாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், இன்னும் மோசமாகியிருக்கிறது. செல்போன் திரையில் முதல் பாகமும் இரண்டாம் பாகமும் ஒரே அளவுச் சதுரமாகப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எது எந்த வருடத்துப் படம், எது மிச்சத்தில் தைத்தது என்று பிள்ளைக்குத் தெரிய வழியில்லை. முன்பு ‘இதை எடுக்காதேம்மா, அதை எடுத்துட்டுப் போ’ என்று சொல்ல ஒரு கடைக்காரனாவது இருந்தான். ‘மோவானா 2’ முதலில் இணையத் தொடராகத்தான் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் அதைத் திரைப்படமாக மாற்றுவதாக அறிவித்து, அதே நவம்பரில் தியேட்டருக்குக் கொண்டுவந்து, உலகம் முழுக்க 100 கோடி டாலருக்கு மேல் வசூல் பார்த்தார்கள். வசூல் வந்தால் போதாதா, கூடவே காலத்தால் அழியாதது என்ற பெயரும் அன்றைக்கே வேண்டுமா? முப்பது வருடத்துக்கு முன்னால் அலாவுதீனுக்குச் செய்ததை இப்போது பெரிய திரையில் செய்கிறீர்கள்.

2006இல் பிக்ஸாரை டிஸ்னி வாங்கிய பிறகு, அங்கிருந்து வந்தவர்கள் 2007இல் இந்தக் கேசட் தொடர்ச்சிகளை நிறுத்தினார்கள். 2008இல் வந்த கடல்கன்னிக் கதையோடு அந்த வரிசை முடிந்தது. நிறுத்தியவர்களுக்கு ஏன் என்று தெரிந்திருந்தது. அந்தப் புத்தியை உங்கள் பிரிவு மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

‘கிளாசிக்’ என்பது வெறும் விளம்பர அலங்காரம், அதை யாரும் எழுத்துக்கு எழுத்து நம்புவதில்லை என்று உங்கள் வக்கீல் சொல்வார். இருக்கலாம். வழக்குப் போடுகிற உத்தேசமும் எனக்கில்லை. ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022இல் வந்த வழிகாட்டுதல்களில் குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. பெரியவர்களுக்கு அலங்காரமாகத் தெரிவது குழந்தைக்கு வாக்காகத் தெரியும் என்பதால்தானே தனியாக எழுதினார்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதில் உங்களைப் பாராட்டவும் இடமிருக்கிறது. ‘த லயன் கிங்’ 2019இல் தமிழில் வந்தபோது சிம்பாவுக்குச் சித்தார்த், ஸ்காருக்கு அரவிந்த்சாமி குரல். (கிட்டத்தட்ட முழுக்கக் கணினியில் செய்த அந்தப் படத்தை நிஜ மிருகம் நடித்த மாதிரி விளம்பரம் செய்ததைப் பற்றித் தனி மடல்தான் எழுத வேண்டும்.) 2024இல் அதன் முன்கதையான ‘முஃபாசா’ வந்தபோது அர்ஜுன் தாஸ் முஃபாசாவானார். பும்பாவும் டிமோனும் அதே ரோபோ சங்கர், அதே சிங்கம்புலி. குரல் மாறவில்லை என்பதைப் பிள்ளைகள் உடனே கவனித்தார்கள். தியேட்டருக்கு இந்தப் படங்கள் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கில்தான் வந்தன. அதனால் எங்கள் தெருவில் மலையாளக் குழந்தைகளும் தமிழ் பும்பாவைத்தான் பேசிக் காட்டுகிறார்கள். ரோபோ சங்கர் 2025இல் இறந்த செய்தி வந்தபோது பக்கத்து வீட்டு மலையாளப் பையன் கேட்ட முதல் கேள்வி, இனி பும்பா யார் பேசுவார் என்பது. பிள்ளைகள் ஒரு படத்தை இப்படித்தான் சொந்தமாக்கிக்கொள்கிறார்கள். இதை எந்தப் பட்டையாலும் செய்ய முடியாது.

என்ன எழுதலாம் என்று கேட்பீர்கள். உள்ளதை எழுதுங்கள். இரண்டாம் பாகம் என்றால் தமிழிலும் மலையாளத்திலும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இரண்டாம் பாகம் என்று போடுங்கள். முதல் படத்தின் வருடத்தையும் இந்தப் படத்தின் வருடத்தையும் பக்கத்தில் போடுங்கள். எந்த ஸ்டூடியோ எடுத்தது, ஓடும் நேரம் எவ்வளவு, தமிழ்க் குரல் யார் யாருடையது என்பதைக் குழந்தையின் அப்பா அம்மா தேடாமல் படிக்கிற மாதிரி வையுங்கள். தொலைக்காட்சித் தொடருக்கு எடுத்ததைச் சேர்த்துச் செய்தது என்றால் அதையும் சொல்லுங்கள், அப்படிச் சொன்னால் நாங்கள் வாங்க மாட்டோம் என்றில்லை. மழை விடாமல் பெய்கிற நாளில் பிள்ளை சும்மா இருந்தால் போதும் என்று எதையும் வாங்குவோம். ‘கிளாசிக்’ என்று போடுவதானால் படத்துக்குக் குறைந்தது 25 வயதாகட்டும். அப்போது அந்தப் படம் பார்த்து வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளோடு வந்து நிற்பார்கள், அவர்களையே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த விளம்பரச் செலவில் ஒரு பங்கு மிஞ்சினால் வேறு வேலை இருக்கிறது. நான் கடை நடத்திய காலம் முழுவதும் பெரியவர்கள் வந்து கேட்பார்கள், அந்த மான்குட்டிப் படம், மூக்கு நீளுகிற மரப்பொம்மைப் படம், தமிழில் இருக்கிறதா என்று. எனக்கு வந்த சரக்கில் ‘பாம்பி’யும் ‘பினோக்கியோ’வும் இங்கிலீஷில்தான் இருந்தன. இரண்டாம் பாகங்கள் தமிழ் பேசுவதற்கு முன்னால் அவை தமிழ் பேசியிருக்க வேண்டும். 1940களின் அந்தப் படங்களுக்கு நல்ல தமிழ்க் குரல் கொடுத்து, கூடவே மலையாளத்திலும் செய்து, கோடை விடுமுறையில் கம்பத்திலும் கட்டப்பனையிலும் ஒரு வாரமாவது காலைக் காட்சி போடுங்கள். போஸ்டர் ஒட்ட என் கடைச் சுவரைத் தருகிறேன், வாடகை வேண்டாம்.

பதில் எழுதுவதானால் தமிழிலோ மலையாளத்திலோ எழுதுங்கள். இரண்டும் படிப்பேன்.

இப்படிக்கு,
குமுளி கடைத்தெருவில் முன்பு வீடியோ லைப்ரரி வைத்திருந்தவன்